கழுவேலியும் நம் சொற்களும்

ஊருக்கு ஏதேனும் நன்மை செய்யவேண்டும் என்று முன்வருகிறவர்கள் பெரும்பாலும் கைவேலைக்குத்தான் ஆயத்தமாய் வருகிறார்கள். அரிசி மூட்டை தூக்கச் சொன்னால் தூக்குவார்கள்; வாய்க்காலில் இறங்கச் சொன்னால் இறங்குவார்கள்; மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரவும் தயங்கமாட்டார்கள். ஆனால், "செய்கிற வேலையைப் பற்றி நாலு பேரிடம் எடுத்துச் சொல்லுங்கள், எழுதுங்கள்" என்றால் மட்டும் பின்வாங்கிவிடுவார்கள். தருமத்தைத் தம்பட்டம் அடிக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்விதான். ஆயினும், சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டியவரிடம் சொல்லாமல் விட்டதனால் கெட்டுப்போன காரியங்களை நாங்கள் எங்கள் ஊரிலேயே கண்டிருக்கிறோம். சொன்ன விதத்தினால் கெட்டவையும் உண்டு. அவற்றைப் பற்றி வாசக அன்பர்களோடு சிறிது பேச விரும்புகிறோம்.

நாங்கள் பள்ளிக்கரணையில் வசிக்கும் எட்டுக் குடும்பத்தினர். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தபால் இலாகாவில் பணியாற்றி ஓய்ந்த பெரியவர் ஒருவர், தையற்கடை நடத்துபவர் ஒருவர், கணினி நிறுவனங்களில் வேலைபார்க்கும் இளைஞர்கள் இருவர் என்று பலதரப்பட்டவர்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற சிறு மன்றம் எங்களுடையது. அதற்குமேல் அதற்குப் பெருமை ஏதும் கிடையாது. ஒரு மாலைப் பாடசாலை, மழைக்காலத்தில் இயன்ற உதவி, எங்கள் வாசலில் கிடக்கும் சதுப்பு நிலத்தைப் பற்றி அறிந்ததை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுதல். இவ்வளவே எங்கள் பணி.

வெளியூர் அன்பர்களுக்காகச் சில விவரங்கள் கூறவேண்டும். வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், மேடவாக்கம் ஆகிய ஊர்களுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் நீர்வெளிதான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கிழக்குத் தாம்பரத்திலும் சேலையூரிலும் கூரையின்மேல் விழும் மழை, செம்பாக்கம், நன்மங்கலம் முதலிய ஏரிகளில் தங்கித் தங்கி, இங்கே வந்து சேருகிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீருக்கு இதுவே வடிகால். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கும் மேலாகப் பரந்திருந்த இந்நிலம், அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போயிற்று. நடுவே சாலை வந்தது. இரயில் நிலையம் வந்தது. ஆராய்ச்சி நிறுவனங்கள் வந்தன. அடுக்கு மாடிகள் வந்தன. 1980-களிலிருந்து மாநகரின் குப்பையும் வந்தது.

இவ்வளவும் எப்படி நடந்தது? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், எங்களுக்கு வேறொரு காரணமும் தென்படுகிறது. அந்த நிலத்துக்கு இட்ட பெயர்தான் அது.

பழைய குடியானவர்கள் இதைக் 'கழுவேலி' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடனே, மழை நாளில் நீர் பரவி நிற்பதும், கோடையில் வற்றிக் கோரை முளைப்பதும், மீன் பிடிப்பதும், மாடு மேய்வதும் அவர்கள் கண்முன் வரும். வருவாய்த்துறைக் கணக்கிலோ இது வரி தராத நிலம். ஆகவே பயனற்ற நிலம். 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் எழுதினார்கள். புறம்போக்கு என்பது உண்மையில் இழிசொல் அன்று. வரி விதித்த நிலங்களுக்குப் புறம்பாக, ஊர் முழுவதற்கும் பொதுவாக விடப்பட்ட ஏரியும் வாய்க்காலும் மேய்ச்சல் வெளியும் சுடுகாடுமே புறம்போக்கு. அதுவே நாளடைவில் ஒருவரை ஏசுவதற்குரிய சொல்லாகிவிட்டது. பயனற்றது என்று பெயர் வைத்துவிட்ட பிறகு, அதில் குப்பை கொட்டினால் யார் கேட்பார்கள்?

இந்தச் சொல்லையே கையில் எடுத்துக்கொண்டு பிரசாரம் செய்தவர்களும் உண்டு. 2017 ஜனவரியில், வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்க முனைந்தவர்கள் 'சென்னை புறம்போக்குப் பாடல்' என்ற ஒன்றை வெளியிட்டார்கள். கபேர் வாசுகி எழுத, கருநாடக சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா பாடினார். சபாக்களில் கீர்த்தனம் பாடும் குரல் சாம்பல் படிந்த கழிமுகத்தில் நின்றுகொண்டு பேச்சுத் தமிழில் பாடியதை லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். எங்கள் மாலைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக்கூட அது தெரிந்திருந்தது. அதன்பின் அவர்களிடம் புறம்போக்கு என்றால் என்னவென்று விளக்குவது எங்களுக்கு எளிதாயிற்று. பாட்டினால் எண்ணூர் காப்பாற்றப்பட்டுவிட்டதா என்று கேட்டால், அவ்வளவு தூரம் சொல்லத் துணியமாட்டோம்.

பள்ளிக்கரணையில் நடந்தது வேறு விதம். இங்கே பாட்டுக்கு முன்னால் எண்ணிக்கை வந்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'கேர் எர்த்' என்ற அறக்கட்டளையைச் சேர்ந்த டாக்டர் ஜெயஸ்ரீ வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் இந்தச் சேற்றில் இறங்கி, என்னென்ன உயிர்கள் இங்கே வாழ்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். பறவை நூற்றுக்குமேல், மீன் நாற்பதுக்குமேல், செடிகொடிகள் நூற்றுக்குமேல், ஊர்வன, தவளை, நத்தை, வண்ணத்துப்பூச்சி எல்லாம் சேர்த்து முந்நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள். 'ஐயோ, அழிகிறதே' என்று நூறு கூட்டங்களில் புலம்பியிருந்தாலும் அதிகாரிகளின் மேஜையில் ஒரு கோப்பு உருவாகியிருக்காது. எண்ணிக்கையும் வரைபடமும் இருந்தபடியால் கோப்பு உருவாயிற்று. மறுபுறம், குப்பைமேட்டின் புகையால் அவதிப்பட்ட குடியிருப்போர் சங்கத்தார் மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், நீதிமன்றத்துக்கும் சென்றார்கள். 2007-ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,247 ஹெக்டேர் 'ராம்சார்' பட்டியலில் இடம்பெற்றது. 2025-ஆம் ஆண்டில் டாக்டர் ஜெயஸ்ரீக்கு ராம்சார் உடன்படிக்கை அமைப்பின் விருது கிடைத்தது. இந்தியர் ஒருவர் அவ்விருதைப் பெறுவது அதுவே முதல் தடவை.

இங்கே ஒரு வேடிக்கை. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2-ஆம் தேதி அங்கே நாடுகள் கூடி, ஈரநிலங்களைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால் இந்தப் பெயர். செய்தி வந்த வாரம், எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாள் கேட்டார்: "ஏம்ப்பா, யாரோ ராம் சாராம், அவரு பேருல சதுப்பு நிலத்தை எழுதிக் குடுத்துட்டாங்களாமே, இனிமே கோரை அறுக்க வுடமாட்டாராமே, நெசமா?" நாங்கள் சிரித்தோம். பிறகு யோசித்தபோது சிரிப்பதற்கில்லை. செய்தித்தாள்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் அந்தப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நிலத்தோடு தினமும் பழகுகிறவருக்கு அதன் பொருள் எட்டவில்லை. எட்டியதெல்லாம் 'நமக்கு இனி இடமில்லை' என்ற அச்சம் ஒன்றே. அந்த அச்சத்துக்கு விடை சொல்ல, எங்கள் ஆசிரியை அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கி வைத்துச் சொல்லக்கூடிய விடை அது அன்று. உடன்படிக்கையின் பேச்சில் 'அறிவார்ந்த பயன்பாடு' என்று ஒரு கருத்து உண்டு; நிலத்தை நம்பிப் பிழைப்போரை அப்புறப்படுத்தாமல், நிலமும் கெடாமல் பயன்படுத்துவது என்பது அதன் சாரம். அதைத் திண்ணைப் பேச்சில் சொல்லும்போது அந்த அம்மாள் பதிலுக்கு ஒன்று சொன்னார்: எந்த மாதத்தில் எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், எங்கே இறங்கும் என்று. நாங்கள் குறித்துக்கொண்டோம். அதன் பயனைப் பின்னால் கூறுவோம்.

எடுத்துச் சொல்வதில் தேர்ந்தவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டில் வங்கி அதிகாரியாயிருந்த எம். பி. நிர்மல் 'எக்ஸ்னோரா' இயக்கத்தைத் தொடங்கினார். குப்பை அள்ளுபவருக்கு 'வீதி அழகுபடுத்துநர்' என்று பெயர் சூட்டி, மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொடுத்து, வீட்டுக்குச் சிறு தொகை வசூலித்து, தெருத் தெருவாக மன்றங்கள் அமைத்தார்கள். குப்பைக்காரரை 'வாங்க' என்று அழைக்கக் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அதைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தெருக்கள் தூய்மையாயின. ஆனால் தெருமுனை தாண்டியபின் அந்தக் குப்பை எங்கே போனது? தென்சென்னையின் குப்பையெல்லாம் பெருங்குடிக்கு, அதாவது எங்கள் கழுவேலிக்குத்தான் வந்தது. தெரு மன்றத்தின் பேச்சு தெருவோடு நின்றது. அடுத்த ஊரின் நுரையீரலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தபோது, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உள்ள எங்கள் உறவினர் பலர், "உங்க ஊர்ல என்ன புகை?" என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். உங்கள் வீட்டுப் புகைதான் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அண்மை ஆண்டுகளில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலை நடந்துவருகிறது. அதற்குப் பிறகாவது, வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்கச் சொல்லும்போது, அது போய்ச் சேரும் இடத்தின் படத்தையும் காட்டிச் சொல்கிறோம். கிளம்பும் இடத்தைப் பற்றி மட்டும் பேசினால் மனம் அசைவதில்லை.

மனு எழுதுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். இதில் எங்களுக்கு ஆசான் தபால் இலாகாப் பெரியவர். "முகவரி சரியில்லாத கடுதாசியை எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் அது திரும்பித்தான் வரும் தம்பி" என்பார். எங்கள் ஊர் விஷயத்தில் இது வெறும் பேச்சு அன்று. 2011-ஆம் ஆண்டில் பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வருவாய் மாவட்டமோ 2018 வரை காஞ்சிபுரமாகவே இருந்தது. ஆகவே, தெருவிளக்குக்குச் சென்னை, பட்டாவுக்குக் காஞ்சிபுரம். இடையிலுள்ள ஏழாண்டுகளில் எத்தனை மனுக்கள் தவறான மேஜையில் தூசி படிந்து கிடந்தனவோ! சதுப்பு நிலத்திலோ இன்னும் சிக்கல்: காப்புக்காடு வனத்துறைக்கு, குப்பை மாநகராட்சிக்கு, ஏரியும் மடுவும் நீர்வளத்துறைக்கு, புறம்போக்கு வருவாய்த்துறைக்கு, நாற்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. பெரியவர் வகுத்த முறை இது: ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, புல எண்ணும் தேதியும் முதல் வரியிலேயே, வசை கூடாது, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பக்கூடாது. முப்பது நாளில் பதில் இல்லையேல், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு, 'எங்கள் மனு இப்போது எந்த நிலையில் உள்ளது?' என்று இன்னொரு கடிதம். எங்கள் இளைஞர்களுக்கு இது சலிப்பாயிருக்கும். ஆயிரம் கையொப்பம் திரட்டிக் கைப்பேசியில் அனுப்பலாமே என்பார்கள். அதையும் செய்கிறோம், ஆனால் ஆயிரம் கையொப்பத்துக்குப் பதில் வந்ததில்லை, முத்திரை வாங்கிய மனுவுக்குச் சில வேளை வந்திருக்கிறது.

இனி மழையைப் பற்றி. 2015 டிசம்பர் முதல் தேதிக்கும் மறுநாளுக்கும் இடையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதற்குப் பின் நடந்ததை நாடறியும். எங்கள் ஊரில் தண்ணீருக்கு அடுத்தபடி தொல்லை கொடுத்தவை செய்திகள். 'இன்ன தெருவில் முதியவர் இருவர் மொட்டைமாடியில்' என்று வாட்ஸப்பில் வரும். படகு தேடிக்கொண்டு போனால் அவர்களை முதல் நாளே மீட்டிருப்பார்கள். அதே செய்தி மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வரும். மறுபடியும் யாரோ போவார்கள். உண்மையில் தவிக்கிறவரோ, கைப்பேசி செத்துப்போய், யாருக்கும் தெரியாமல் இருப்பார். நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, தேதிக்கும் மணிக்கும்தான் குறைவு.

ஆகவே, அடுத்த மழைக்குள் எங்கள் மன்றம் ஒரு சிறு அட்டை அச்சிட்டு வீடுதோறும் கொடுத்தது. செய்தி அனுப்புவோர் தேதி, மணி, அடையாளத்தோடு கூடிய இடம், எத்தனை பேர், குழந்தை அல்லது நோயாளி உண்டா, நேரில் பார்த்தவர் யார் என்று எழுதவேண்டும். உதவி கிடைத்ததும் 'முடிந்தது' என்று இன்னொரு செய்தி கட்டாயம் அனுப்பவேண்டும். அந்தக் கடைசி விதியை மக்கள் மனத்தில் பதியவைப்பதற்கே இரண்டு ஆண்டு பிடித்தது. ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றும் நாளில் பூசாரியார் அதை அறிவித்தார். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் வாசித்தார்கள். எங்கள் பங்குத் தந்தை ஞாயிறு திருப்பலி முடிவில் இரண்டு நிமிடம் தந்தார். 1967 முதல் திருச்சபை ஆண்டுதோறும் சமூகத் தொடர்பு நாள் கடைப்பிடித்து வருகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பிரசங்கம் எங்களுக்குத் தோன்றவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. நாராயணபுரம் ஏரி நிரம்பி, பள்ளிக்கரணைச் சாலையில் படகு ஓடியது. இங்குள்ள அடுக்ககம் ஒன்றில் மகிழுந்துகள் ஒன்றின்மேல் ஒன்று மோதிக்கொண்டு மிதந்துபோன காட்சி நாடெங்கும் பரவிற்று. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நின்றுபோன பின், அட்டை என்ன செய்யும், வாட்ஸப் என்ன செய்யும்? அப்போது உதவியது மளிகைக்கடை வாசலில் நாங்கள் வைத்த கரும்பலகை. எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று சாக்குக்கட்டியோடு அங்கே நிற்கும், நீரில் நடந்துவருகிறவர் சொல்வதை எழுதும், முடிந்ததை அழிக்கும். கீரைக்கார அம்மாள் முன்பு சொன்ன கணக்கை வைத்து, எந்தத் தெருவில் மாலைக்குள் நீர் ஏறும் என்று முதல் நாளே அதில் எழுதியிருந்தோம். இரண்டு தெருக்காரர் அதைப் பார்த்து முதியோரை முன்கூட்டியே மேல்மாடிக்கு மாற்றினார்கள். மூன்றாம் தெருக்காரர் நம்பவில்லை. கீரைக்காரி சொன்னதையெல்லாம் எழுதுகிறார்களே என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகவும் கேள்வி.

வெள்ளம் வடிந்தபின் வந்த சோதனை வேறு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தார், பெரும்பாக்கம் குடியிருப்புகளில் கொடுக்க இருநூறு அரிசிப் பைகள் தர முன்வந்தார்கள். ஒரு நிபந்தனை: பதாகையின் முன் நிறுத்தி, பை வாங்கும் ஒவ்வொருவரையும் முகம் தெரியப் படமெடுத்து அனுப்பவேண்டும். முதல் பத்துப் பேரைக் கடந்து வந்த ஒரு தாய், தம் மகளை முந்தானையால் மறைத்துக்கொண்டு, "ஐயா, அரிசி வாங்கிக்கிறோம், புண்ணியமாப் போவும், படம் மட்டும் வேணாம். பாப்பா ஸ்கூல்ல பார்த்தா கேலி பண்ணுவாங்க" என்றார். ஆசிரியை உடனே படமெடுப்பதை நிறுத்தச் சொன்னார். வந்திருந்த அலுவலர், தமக்கு மேலிடத்தில் கணக்குக் காட்டவேண்டும் என்றார். அவரையும் குறைசொல்வதற்கில்லை; படம் இல்லையென்றால் பை கொடுத்ததற்குச் சாட்சி ஏது என்று அவர் மேலதிகாரி கேட்பார். கடைசியில் மீதிப் பைகள் வண்டியோடு திரும்பிப் போயின.

அன்றிரவு எங்களுக்குள் கடும் வாக்குவாதம். தையற்கடைக்காரர், "நூற்றெண்பது வீட்டுல உலை வெக்கிறதை விட வெக்கம் பெரிசா அக்கா?" என்று ஆசிரியையைக் கேட்டார். அவர் சிறுவயதில் பசியோடு வளர்ந்தவர். அந்தக் கேள்வியை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆசிரியை, "உலை ஒரு வாரத்துக்கு. படம் அந்தப் பொண்ணு கலியாணம் வரைக்கும் இருக்கும்" என்றார். இரண்டு மாதம் தையற்கடைக்காரர் மன்றத்துக்கு வரவில்லை. அந்த நிறுவனத்தார் மாலைப் பாடசாலைக்குத் தந்துவந்த தொகையும் நின்றது. பிள்ளைகளுக்கு மாலையில் கொடுத்துவந்த சுண்டலை அந்தக் கோடை முழுவதும் நிறுத்திவைத்தோம். இன்றும் இந்த விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. பிறகு ஒருவாறு இணங்கிய ஏற்பாடு இது: பொருளைப் படமெடுக்கலாம், வேலை செய்யும் எங்களைப் படமெடுக்கலாம், பெறுகிறவர் தாமாகக் கேட்டாலன்றி அவரைப் படமெடுப்பதில்லை. சாட்சிக்கு, பெற்றவரின் கையொப்பம் உள்ள பதிவேடு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மாதந்தோறும் நன்கொடையாளர் அறுபது பேருக்கு ஓர் அஞ்சலட்டை: வரவு, செலவு, செய்தது, செய்ய நினைத்து முடியாமற்போனது. அந்தக் கடைசி வரியைப் படித்துத்தான் பலர் பணம் அனுப்புகிறார்கள் என்பது எங்கள் பொருளாளர் கண்டுபிடிப்பு. சுண்டல் ஆடியில் மறுபடியும் தொடங்கியது.

அந்தத் தாயின் அச்சத்துக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை உண்டு. நகரின் நடுவே ஆற்றோரங்களில் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டையொட்டித் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். இந்தக் குடியிருப்புகளெல்லாம் கழுவேலியின் ஓரத்தில்தான் இருக்கின்றன. 'கண்ணகி நகர்' என்று முகவரி எழுதினால் வேலை கிடைக்காது என்று, உறவினர் வீட்டு முகவரியை எழுதிய இளைஞர்களை நாங்களே அறிவோம். அவர்களுக்கு உதவ வந்த அமைப்புகள் பலவும் தம் துண்டுப் பிரசுரங்களில் குற்றம், குடி, கஞ்சா என்றே எழுதின. அப்படி எழுதினால்தான் நன்கொடை வரும் என்ற நினைப்பு. உதவி வந்தது, முகவரி இன்னும் கெட்டது. 2020-இல் அங்கே கட்டடச் சுவர்களில் ஓவியர்கள் பெரும் சித்திரங்கள் தீட்டினார்கள். பார்க்க வெளியார் வந்தார்கள். 2025 அக்டோபரில், பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடியவர் கண்ணகி நகர் கார்த்திகா. 'கண்ணகி நகர்' என்பதைத் தம் பெயரோடு சேர்த்தே அவர் எல்லாப் பேட்டிகளிலும் சொன்னார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த எங்கள் பாடசாலைப் பெண் ஒருத்தி, மறுநாள் தன் நோட்டுப்புத்தகத்தின் மேலட்டையில் முழு முகவரியையும், பிளாக் எண் உட்பட, எழுதிக்கொண்டு வந்தாள். இதில் எங்கள் பங்கு ஒன்றுமில்லை. தம்மைப் பற்றித் தாமே பேசுகிறவர் வாயிலிருந்து வரும்போது ஒரு சொல்லுக்கு எவ்வளவு பலம் என்பதைப் பார்த்தோம், அவ்வளவே.

2025 செப்டம்பரில் இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள், நிலத்தை ஆராய்ந்து முடிக்கும்வரை புதிய கட்டடங்களுக்கு அனுமதி தரவேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. பொழுது விடிவதற்குள், இருக்கும் வீடுகளையும் இடிக்கப்போகிறார்கள் என்று ஊர் முழுவதும் வதந்தி. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, வங்கிக் கடன் வாங்கி அடுக்ககத்தில் வீடு வாங்கியவர்கள் உறக்கமின்றித் தவித்தார்கள். 'பறவைக்காகப் பேசியவர்கள்தானே நீங்கள்?' என்று எங்களிடமே சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. பயந்திருப்பவரிடம் பூநாரையின் அழகைப் பேசிப் பயனில்லை. இளைஞர்கள் இருவரும் உத்தரவின் நகலை எடுத்து, அதில் 'புதிய' என்ற சொல் எங்கே வருகிறது என்று அடிக்கோடிட்டு, தமிழில் ஒரு பக்கத்தில் எழுதினார்கள். உத்தரவு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, வீடு வைத்திருப்பவர் எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்தவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் அதில் விடை. எங்கள் கருத்து என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை. சேர்க்கவேண்டும் என்று வாதாடியவர் இருந்தார், கேட்கவில்லை. ஆசிரியையும் தபால்காரப் பெரியவரும் நான்கு மாலைகள் அடுக்ககங்களின் வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டினார்கள். முதல் மாலை வசவுதான் அதிகம். நான்காம் மாலை ஒருவர் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தார். "சரி சார், இந்தத் தண்ணியெல்லாம் எங்கேயிருந்துதான் வருது, அதைச் சொல்லுங்க" என்று கேட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மளிகைக்கடைக் கரும்பலகை இப்போதும் அங்கேயே இருக்கிறது. மழை இல்லாத நாட்களில் அதில் ரேஷன் கடைக்கு எண்ணெய் வந்ததும், மாலைப் பாடசாலை விடுமுறையும், காணாமற்போன ஆட்டுக்குட்டியும் எழுதப்படுகின்றன. ஐப்பசி பிறந்தால், ஒக்கியம் மடுவில் நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் தினமும் காலையில் போய்ப் பார்த்துவந்து தேதியோடும் மணியோடும் எழுதவேண்டும். இந்த ஆண்டு அந்த முறை தையற்கடைக்காரருடையது.